ஐந்தாவது கால்

அரும்பாவூர் புவனேஸ்வரி செதுக்கிய மர யாளி வாகனங்கள் எத்தனையோ கோயில்களில் சாமியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பீடத்திலும் உபயதாரர் பெயர் இருக்கும். அவர் மனைவி, மக்கள், மருமகன் பெயர்கூட இருக்கும். செதுக்கியவள் பெயருக்கு மட்டும் இடம் போதாது. இருபத்திரண்டு வருடமாக இந்த வயிற்றெரிச்சலை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

போன தை மாதம் சென்னையிலிருந்து தமிழ்மொழி என்ற ஓவியர் வந்தாள். நவீனக் கலைக் கண்காட்சிக்கு மரத்தில் ஒரு மிருகம் வேண்டும் என்று படத்தைக் கொடுத்தாள். யானைத் தலை, இறால் வால், கோழிக் கால்கள்.

"கீழ வைக்கிற கார்டுல உங்க பேரும் போடுவோம்க்கா" என்றாள்.

புவனேஸ்வரி அன்றே வாகைக் கட்டையை எடுத்துவிட்டாள்.

படத்தில் கால்கள் ஐந்து இருந்தன. மறுபடி எண்ணினாள், ஐந்துதான். படித்த பெண், அவசரத்தில் பிசகிவிட்டாள் போலிருக்கிறது. கேட்டால் பாவம், சங்கடப்படுவாள். படம் கொடுத்தவர் தவறை வாய்விட்டுச் சொல்லாமல் உளியிலேயே திருத்திவிடுவது இவர்கள் பட்டறை மரியாதை. நான்கு கால்களில் அந்த மிருகம் கம்பீரமாக நின்றது.

வந்து பார்த்ததும் தமிழ்மொழியின் முகம் தொங்கிப்போனது.

"அஞ்சாவது கால் எங்கக்கா?"

"தப்பா வரஞ்சிட்டீங்கன்னு வுட்டுட்டேம்மா. நாலுலயே நல்லாத்தான நிக்குது?"

"நல்லா நிக்கக் கூடாதுக்கா. அதுக்குத்தான் அந்தக் காலே."

கால் இல்லாவிட்டால் கண்காட்சி இல்லை. கண்காட்சி இல்லாவிட்டால் பெயரும் இல்லை. புவனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டே நாளில் இன்னொரு கோழிக் காலைச் செதுக்கி வயிற்றுக்கு நடுவில் பொருத்தினாள். அதையும் அழகாகவே செய்து தொலைத்தாள்.

மாசியில் போனுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவர், மிருகம், பக்கத்தில் அட்டை. தமிழ்மொழி பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில், 'செதுக்கியவர்: புவனேஸ்வரி, அரும்பாவூர்.' மூன்று தடவை படித்தாள்.

கணவன் ராஜதுரை எட்டிப் பார்த்தான்.

"பேரு வந்துடுச்சா! குடு, நம்ம ஸ்தபதிங்க குரூப்புல போடுறேன். எல்லாரும் பாக்கட்டும்."

அவள் போனைக் கொடுக்கவில்லை. படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள்.

"கார்ட மட்டும் வெட்டிப் போடுங்க. முழுசாப் போட்டா, எம் பேர விட்டுட்டு கால எண்ணுவானுங்க."