அம்மன் மாலையில் ஒரு பித்தளை

மூன்றாம் பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிதில் கை ஓடாது. தேயிலைக் கொழுந்தை எடை போட்டால் என்னுடையதுதான் எப்போதும் குறையும். ஒரு நாள் என் சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டியபோது, நான் பறித்ததைவிடக் கனமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற ராமுத்தாய் அக்கா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சாக்கு அன்றைக்கு இளைத்துப் போயிருந்தது.

மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் பழைய காலத்தில் நேர்ந்துகொண்டு போட்ட தங்கக் காசுகளைக் கோத்து அம்மனுக்கு ஒரு மாலை உண்டு. திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அதைப் புளி கரைத்துக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் அப்பிப் பூசாரி கையில் கொடுப்பது ராமுத்தாய் அக்கா. யாரும் ஏவியதில்லை. அவராக எடுத்துக்கொண்ட வேலை.

கோயில் கமிட்டித் தலைவர் ஈஸ்வரன் அண்ணன். தன் பிள்ளை அம்மையில் கிடந்தபோது முதல் காசைப் போட்டவர் அவருடைய தாத்தா பெரியமுத்து என்று பேச்சு. அதனால் திருவிழாவில் முதல் தட்டும் தலைப்பாக்கட்டும் அந்த வீட்டுக்குத்தான். அந்த வீட்டை நாற்பத்தேழு வீடு என்றால்தான் இங்கே விளங்கும். முன்பு துரைமார் ஆளைப் பேர் சொல்லாமல் நம்பர் சொல்லியே கூப்பிடுவார்களாம். அந்த நம்பர் வீட்டுப் பேராகவே நின்றுவிட்டது. எங்கள் வீடு நூற்றுப்பன்னிரண்டு.

போன வருசம் மாலையின் கம்பி இற்றுப்போனதால், புதிதாகக் கோக்கச் சொல்லி மூணாறு பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் ஜெகனிடம் கொடுத்தார்கள். மறுநாள் ஜெகனிடமிருந்து போன் வந்தது. ஒரு காசு தங்கம் இல்லை, பித்தளை.

கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மாலையைத் தனியாக வைத்துக் கழுவுகிறவர் ஒருவர்தான். எல்லார் கண்ணும் அவர் மேல் போனது. திருவிழா முடிந்த கையோடு அக்காவின் மகள் ஆனந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா சிவசங்கரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கோயில் நகையில் கை வைத்தவள் மகள் என்று பேர் விழுந்தால் கல்யாணம் அன்றோடு சரி. ஆனந்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூசாரி தட்டில் சூடம் ஏற்றினார். அதைக் கையால் அணைத்தால் சத்தியம்.

"காசை எடுக்கல, பித்தளை கெடக்குறதும் தெரியாதுன்னு சொல்லி அணைங்க" என்றார் ஈஸ்வரன் அண்ணன்.

அக்கா முன்னால் வந்தார். "நான் எடுக்கல. அதுக்கு அணைக்கேன்."

"ரெண்டாவது?"

"அதச் சொல்ல மாட்டேன்யா."

கூட்டம் சலசலத்தது. "பாதிச் சத்தியத்துக்குப் பாதிக் கல்யாணந்தான் நடக்கும் மதினி" என்றாள் சிவசங்கரி. சூடம் தானாக எரிந்து அணைந்தது. அக்கா அம்மன் முன்னால் பொய் சொல்ல மாட்டார், சரி. அப்படியென்றால் இவருக்கு முன்பே தெரியுமா?

"அது என்ன சாமான்னு மொதல்ல பாப்போம். எங்கேருந்து வந்துச்சுன்னு அதுலயே தெரியும்" என்று ஈஸ்வரன் அண்ணன் ஜீப்பை எடுக்கச் சொன்னார். அக்காவையும் ஏறச் சொன்னார். தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன்.

ஜெகன் அந்தப் பித்தளை வில்லையை ஒரு துணியில் வைத்திருந்தான். குங்குமம் அப்பி அப்பி ஒரு பக்கம் கல்லாகவே இறுகியிருந்தது.

"மத்த காசுக்கெல்லாம் மேல வளையம் பத்தவச்சிருக்கு. இதுக்கு மட்டும் ஓட்டை. ராசா தலையும் இல்ல, வருசமும் இல்ல. ஏமாத்தணும்னு செஞ்சிருந்தா தங்க முலாமாச்சும் பூசியிருப்பான். இது கள்ளக்காசு இல்லண்ணே. காசே இல்ல."

"அப்ப என்ன?"

"குங்குமத்துக்கு அடியில என்னமோ வெட்டியிருக்கு. சுரண்டுனாத் தெரியும்."

அவன் ஊசியை எடுத்தபோது அக்கா சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. அம்மன் கழுத்துல கெடந்தது. அப்படியே குடுத்துரு."

"பாத்துக்கம்மா" என்று ஈஸ்வரன் அண்ணன் என்னிடம் திரும்பினார். "திருடலன்னா ஏன் பதறணும்? நீ சுரண்டு ஜெகா."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். முதலில் ஒரு தேயிலை இலை தெரிந்தது. அதற்குக் கீழே நாலு. அப்புறம் ஏழு.

"ஓ, இதா? பழைய பித்தளை எடைக்கு வரும்போது ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன்" என்றான் ஜெகன். அவனுக்கு எங்கள் லயத்துக் கதை ஒன்றும் தெரியாது. "கூலி ஆளுக்கு நம்பர் அடிச்சுக் குடுத்த வில்லைண்ணே. நாப்பத்தேழு யாருன்னு விசாரிங்க. மாட்டுன ஆளு கெடச்சிருவாரு."

ஈஸ்வரன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வில்லையை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பின் முன் சீட்டிலிருந்து முகத்தைத் திருப்பாமலே அக்காவிடம் கேட்டார். "எப்பருந்து தெரியும்?"

"மொதத் தடவ கழுவுனப்பவே. அப்பருந்து நம்பரு பக்கத்த மட்டும் கழுவாம, குங்குமத்த அப்பியே வச்சிருந்தேன்."

"அங்க கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அம்மனே கழுத்துல போட்டுக்கிட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

பள்ளத்தை ஒட்டிய வளைவில் அவருடைய மூடிய கை ஜீப்புக்கு வெளியே போனது. விரலைத் திறந்தால் போதும், வில்லை தேயிலைக்குள் விழுந்துவிடும். நம்பரைப் பார்த்தவர்களில் ஜெகனுக்கு விவரம் தெரியாது, அக்கா வாய் திறக்க மாட்டார். நான் ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தாயே, இந்த மனுசனுக்கு நல்ல புத்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த வளைவு வருவதற்குள் கை உள்ளே வந்தது.

கூட்டம் கலையாமல் காத்திருந்தது. ஈஸ்வரன் அண்ணன் படியில் ஏறி வில்லையை எல்லாருக்கும் காட்டினார்.

"ராமுத்தாய் எதையும் மாத்தல. இது எங்க வீட்டு நம்பரு. தாத்தா தங்கமே போடல. இந்த வில்லை இல்லாமப் போனா ஆளுக்கு அன்னைக்கு வேலை கெடையாதுன்னு அப்பா சொல்லுவாரு. பிள்ளைக்காக அதக் கழத்திப் போட்டிருக்காரு. தங்கம்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல. நாங்களும் இல்லன்னு சொல்லல."

"அப்ப தலப்பாக்கட்டு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மன் காலடியில வச்சிருங்க. எனக்கு வேண்டாம்."

சிவசங்கரி ஆனந்தியின் தலையில் இருந்த பூவைச் சரிசெய்துவிட்டாள். அக்காவிடம் அவள் மன்னிப்புக் கேட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் சொன்ன நாளில் கல்யாணம் நடந்தது, பந்தியில் அக்காவுக்கு அவளே பாயசம் ஊற்றினாள். வில்லையை மறுபடி கோக்கக் கூடாது என்று கமிட்டியில் சிலர் முரண்டு பிடித்தார்கள். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. அது பழைய இடத்திலேயே இருக்கிறது.

அடுத்த மாதம் அக்காவுக்கு ஓய்வு. வீட்டை ஒப்படைத்துவிட்டுச் சங்கரன்கோவிலில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். மாலை கழுவும் வேலையை என்னிடம் விட்டார். ஜீப் வரை பெட்டியைத் தூக்கிப்போய்க் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"புளி போட்டுத் தேய்க்கும்போது அந்தப் பித்தளைய மட்டும் மெல்லத் தேயி புள்ள. நம்பரு அழிஞ்சிரப் போகுது."