மதிய ஷிஃப்டுக்காரரின் பாஸ்வேர்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அன்று நான் பேசியதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. கணினிப் பிரிவுக்கு நான் ஒருத்திதான். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. புனேயில் இருக்கும் வாடிக்கையாளரின் வரைபடங்கள் விபிஎன் வழியாகத்தான் வரும். இணையம் ஊரே போகும் பொதுச்சாலை. விபிஎன் அதில் சீல் வைத்துப் போகிற லாரி மாதிரி. லாரி போவது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இரண்டு முனையிலும் உரியவர்தான் திறக்க முடியும். அதற்காகத்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அவரவர் போனுக்கு ஓடிபி.

எங்கள் ஆட்களோ, ஷிஃப்ட் மாறும்போது ஸ்பேனரை ஒப்படைப்பதுபோல பாஸ்வேர்டையும் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள்! காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்குப் போய்விடுவார். பர்கூரிலிருந்து மதிய ஷிஃப்டுக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளி, அவருக்கு போன் போட்டு ஓடிபி வாங்கி உள்ளே நுழைவார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் பகீரென்றது. சூப்பர்வைசரின் கணக்கை அந்த நிமிடமே முடக்கினேன்.

வரைபடம் திறக்கவில்லை. உற்பத்தி லைன் நின்றது. மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"லைன் நின்னு போச்சும்மா! இப்ப ஓப்பன் பண்றியா, இல்ல வேலை கன்ஃபர்ம் ஆகறதையே மறந்துடறியா?"

 என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சூப்பர்வைசரோட கேட் பாஸ்ல இந்த மதிய ஷிஃப்டுக்காரரை உள்ள வுடுவீங்களா சார்? இதுல மட்டும் எப்படி? நாளைக்கு வரைபடம் வெளிய போச்சுன்னா, வீட்ல படுத்துட்டிருக்கற மனுசன்தான மாட்டுவாரு! பத்து நிமிசம் குடுங்க, இவருக்கே ஒரு ஐடி போட்டுத் தரேன்."

"கான்ட்ராக்ட் ஆளுக்கா?"

"வரைபடத்தைப் பாத்து வேலை செய்றது அவருதான சார்!"

மேனேஜர் நின்றுபோன லைனைப் பார்த்தார். "சரி, போட்டுத் தொலை" என்றார்.

வேலை நிரந்தரமான கடிதம் பிறகு எனக்கு வந்தது. ஆனாலும் எனக்குப் பெருமை என்றால் அந்தப் பத்து நிமிடம்தான்.

ஓடிபி முதல்முறையாக மதிய ஷிஃப்டுக்காரரின் போனுக்கே வந்தது. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். வரைபடம் திறந்தது. கீழே, திறந்தவர் என்ற இடத்தில் இனிஷியலோடு அவர் பெயர். லைன் ஓட ஆரம்பித்த பிறகும் அவர் திரையை விட்டு நகரவில்லை.

"ஆறு வருசமா அவரு பேர்லயே வேலை செஞ்சேன் மேடம்," என்றார். "இன்னிக்குத்தான் என் பேரு வந்திருக்குது."