அத்தை தைத்த விமானம்

எங்கள் அத்தை ஒரு விமானத்தைத் தைத்தாள். இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, விமானத்தை யாராவது தைப்பார்களா என்று கேட்பது வழக்கம். தைப்பார்கள். ராஜா காலத்தில் திருவனந்தபுரத்து மண்ணில் முதன்முதலாக இறங்கியது என்று சொல்லப்படும் விமானத்துக்கு எலும்பெல்லாம் மரம், தோல் துணி. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டடுக்கு இறக்கைகள். அது பிற்பாடு என்ன ஆயிற்று, எங்கே கிடந்து மட்கிப்போயிற்று என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. சில புகைப்படங்கள்தான் மிச்சம். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு அதே விமானத்தை அதே அளவில் மறுபடி செய்து நிறுத்திவிடுவது என்று சிலர் கிளம்பினார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

கிளம்பியவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லாரும் ராக்கெட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். விமான நிலையத்துக்கு அந்தப்பக்கம் கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, ஆசாரிமாரை வைத்து, இறக்கைக்கும் உடலுக்கும் மரச்சட்டம் அடித்து முடித்துவிட்டார்கள். துணி போர்த்தும் கட்டம் வந்தபோதுதான் தங்களில் ஒருவருக்கும் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. அவர்களில் மூத்தவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஒரு நாள் பேய்மழையில் சார் தம்பானூர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து என் அப்பாவின் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். வீடு போய்ச் சேரும்வரை மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இந்த டாப் தைத்தது யார் என்று கேட்டிருக்கிறார். என் தங்கச்சிதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் சார் அத்தையின் கடை வாசலில் நின்றார்.

அத்தை வள்ளியூரில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் ஒரு தையல் மெஷினோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவள் தம்பானூருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டு ஆட்டோக்களுக்கு சீட்டும் டாப்பும் தைக்க உட்கார்ந்தாள். பொம்பிளைக்கு எதுக்கு இந்த ரெக்ஸின் வேலை என்று முதலில் சிரித்த டிரைவர்கள் பிறகு வரிசையில் நின்றார்கள். அத்தைக்கும் தலைக்கனம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். தான் தைத்ததைத் தானே பிரித்ததில்லை என்பது அவளுடைய பெருமை. குறை சொல்லிக்கொண்டு வண்டி திரும்பி வந்தால் கோளாறு தையலில் இருக்காது, வண்டியில்தான் இருக்கும். அதை டிரைவரும் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டாள்.

சாருடைய கூட்டத்தில் எல்லாருக்கும் அத்தையைப் பிடித்துவிடவில்லை. மீசை வைத்த ஒருவர் எர்ணாகுளத்திலிருந்து ஃபைபர் தகடு வாங்கி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது, ஆட்டோ தைக்கிறவள் விமானம் தைத்தாள் என்று ஊர் சிரிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சார் அசையவில்லை. பழைய விமானத்தில் என்ன இருந்ததோ அதுதான் வேண்டும் என்றார். பாலராமபுரத்தில் சொல்லிவைத்து, நெருக்கமான கைத்தறித் துணியாக நான்கு கட்டு நெய்து வாங்கினார். அத்தை கொட்டகைக்குப் போய் இறக்கையை முழம் போட்டு அளந்துவிட்டு வந்தாள். பைலட் பின்னால் வெட்டவெளியில் உட்கார, ஆட்கள் முன்னால் பெட்டிக்குள் உட்காருவார்களாம். முன்னால் அவ்வளவு பெரிய பெட்டி இருந்தால் டிரைவர் வழியை எப்படிப் பார்ப்பார் என்று அப்பா இரண்டு நாள் கவலைப்பட்டார்.

இனிமேல் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சார் துணிக்கட்டுகளைக் காரில் கொண்டுவந்து கடையில் இறக்கினார். அத்தை நூல் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும் இருந்தேன். சார் என் உயரத்துக்குக் குனிந்து நின்று, மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். இது கோடித்துணி, நனையவே கூடாது. அப்படியே வெட்டித் தைத்து சட்டத்தின்மேல் மாட்டிய பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்போதுதான் துணி சுருங்கிச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். இதை அத்தையிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நான் மூன்று முறை தலையாட்டினேன். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் ஒப்படைத்ததில் எனக்குத் தரை தெரியவில்லை. போகும்போது சார் அந்த விமானத்தின் படம் ஒன்றை என் கையில் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். வலியசாலையில் எங்கள் வீட்டுச் சந்தில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் அதைக் காட்டி, என் அத்தை தைக்கப்போகும் விமானம் என்று பீற்றிக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

நல்ல தையல்காரி புதுத்துணியை நனைக்காமல் கத்திரி வைக்கமாட்டாள். வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் யாருக்குக் கெட்ட பெயர்? கடைக்குத் திரும்பிய அத்தை அன்று சாயங்காலமே நான்கு கட்டையும் பிரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டியில் ஊறப்போட்டுவிட்டாள். மறுநாள் எங்கள் சந்து முழுக்கக் கயிறு கட்டித் துணி காய்ந்தது. நானும் பிள்ளைகளும் ஈரத்துணிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடினோம். முகத்தில் துணி ஈரமாக வந்து ஒட்டியபோதுகூட சார் சொன்னது எனக்கு நினைவு வரவில்லை. அந்தப் பிள்ளையை இன்று நினைத்தாலும் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு வாரத்தில் அத்தை தைத்து முடித்தாள். தலையணைக்கு உறை போடுவது போல ஒவ்வொரு இறக்கைக்கும் ஓர் உறை, உடலுக்கு நீளமாக ஓர் உறை. எல்லாவற்றையும் மாட்டிப் பொருத்திய அன்று நாங்கள் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போயிருந்தோம். சார் தோட்டத்துக்குத் தெளிக்கும் பம்பை எடுத்துத் தண்ணீர் தெளித்தார். எல்லாரும் காத்திருந்தோம். ஈரம் காய்ந்தது. துணி அங்கங்கே தொய்ந்து சுருக்கம் விழுந்து கிடந்தது. சார் மறுபடி தெளித்தார். அப்போதுதான் தண்ணீர், துணி, சார் குனிந்து சொன்னது எல்லாம் சேர்ந்தாற்போல் என் தலையில் வந்து இறங்கியது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சார் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். நனைத்தீர்களா என்று கேட்டார். நனைச்சுத்தானே வெட்டணும் என்றாள் அத்தை. மீசைக்காரர் நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்து, ஆட்டோ, ஃபைபர், எர்ணாகுளம் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சொன்னார். திறப்பு விழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது. மறுபடி நெய்து வாங்க நேரமில்லை. சார் கோபப்படவில்லை, அவர் முகம்தான் விழுந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"நனைக்க வேண்டாம்னு இந்தக் குட்டிகிட்ட சொல்லி விட்டேனே அக்கா. குட்டி பறஞ்ஞில்லே, சொல்லலையா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னை முன்னால் இழுத்து விட்டாள். மீசைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தாள், ஒரு தடவைதான்.

"சொன்னா சாரே. அன்னைக்கே வந்து சொன்னா. நாந்தான் கேக்கல்ல. கோடிய நனைக்காம வெட்டி எனக்குக் கை பழகல்ல. தப்பு எங்கிட்டதான்."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கையைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். துணியை இழுத்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். தையலைப் பிரித்து, சட்டத்தின் மேலேயே வைத்து இழுத்துப் பிடித்துக் கையாலேயே தைத்துவிடுகிறேன், நான்கு நாள் வேண்டும் என்றாள். அவள் வாயிலிருந்து பிரிக்கிறேன் என்ற சொல் வந்ததை அப்பாவால் நம்ப முடியவில்லை.

நானோ வேறு உலகத்தில் இருந்தேன். நான் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னதாக அத்தை அல்லவா சொல்கிறாள்? அத்தைக்கு நினைவு பிசகிவிட்டது, அது என் நல்ல காலம் என்று முடிவு கட்டினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று நேர்ந்தும்கொண்டேன்.

அந்த நான்கு நாள் அத்தை செய்த வேலையை இன்றும் கண்ணெதிரே பார்க்கிறேன். சீட்டுக்கு ரெக்ஸின் இழுக்கிற குறட்டால் துணியைக் கவ்வி, காலைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்து இழுப்பாள். இழுத்த துணியை மடித்துக் கோணி ஊசியால் தைப்பாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. இறக்கைக்கு ஊசியை அடியிலிருந்து திருப்பிக் கொடுக்க அம்மா படுத்துக்கொண்டாள். உடல் பாகத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஊசியை வாங்கித் திரும்ப வெளியே தள்ள வேண்டும். வால் பக்கம் போகப்போக ஒடுங்கும். ராக்கெட்காரர்கள் எல்லாரும் தொப்பைக்காரர்கள். என்னைத் தூக்கி உள்ளே விட்டார்கள்.

உள்ளே துணி வழியாக வெளிச்சம் பால்போல் வந்தது. ஊசி வெளியிலிருந்து எட்டிப்பார்க்கும். நான் நூலோடு இழுத்துக்கொள்வேன். அத்தை வெளியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். தட்டிய இடத்தில் குத்தி வெளியே தள்ளிவிட வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு துணிதான் இருந்தது, பக்கத்தில் வேறு யாரும் இல்லை. என்னைக் கேட்க வேண்டுமென்றால் அங்கேயே கேட்டிருக்கலாம். பசிக்குதா மக்களே என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாளுக்குள் எனக்கு ஓர் அதிசயம் நடந்தது. நான் கடைக்குத் திரும்பி ஓடி, மூச்சிரைக்க, அத்தே நனைக்கக் கூடாதாம் என்று சொன்ன காட்சியே எனக்கு நன்றாக நினைவு வந்துவிட்டது. அத்தை நூலைப் பல்லில் கடித்தபடி தலையசைத்ததுகூட நினைவு வந்தது.

நான்காம் நாள் தையல் முடிந்தது. அதன்மேல் நகப்பாலீஷ் வாசனையடிக்கும் ஏதோ ஒரு பூச்சை மூன்று கை பூசினார்கள். அது காயக்காய மிச்சம் மீதித் தொய்வும் போய்த் துணி விறைத்து நின்றது. சார் விரல் முட்டியால் இறக்கையில் தட்டினார், தவில் மாதிரி பேசியது. சார் சிரித்துக்கொண்டே அடுத்த இறக்கைக்குப் போய்த் தட்டினார். எல்லா இறக்கையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

திறப்பு விழா அன்று கொட்டகையை விட்டு அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்குப் புல்லரித்தது. வெள்ளி நிறப் பூச்சு வெயிலில் மின்னியது. கடல்காற்று வீசியது, துணியில் ஒரு சுருக்கம் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் உள்ள டிரைவர்கள் அத்தனை பேரும் வண்டியோடு வந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் தன் வண்டியின் டாப்பைக் காட்டி, இதைத் தைத்த கைதான் அதையும் தைத்தது என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் மீசைக்காரர்தான் விளக்கம் சொன்னார். நாங்கள் துணியை இப்படி இழுத்தோம், முடிச்சை இப்படிப் போட்டோம் என்று அவர் சொன்னதை அத்தை பக்கத்தில் நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். மேடையில் சார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவள் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து, உள்ளே இருந்து ஊசி தந்தது இவள்தான் என்று சொன்னாள். கூட்டம் கைதட்டியது. பிறகு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அந்தக் கைதட்டலுக்கு எதுவும் ஈடாகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவின் ஆட்டோவில் நாங்கள் நான்கு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நான் அத்தையின் மடியில் இருந்தேன். பெருமையில் எனக்கு வாய் ஓயவில்லை. கடைசியில், என் பேச்சை மட்டும் அன்றைக்கே கேட்டிருந்தால் இத்தனை கஷ்டம் வந்திருக்காது என்றும் சொல்லிவைத்தேன். அத்தையின் முகத்தைத் திருப்பிப் பிடித்து, "நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியா அத்தே?" என்று கேட்டேன்.

"ஆமா மக்களே, சொன்னே."

வீட்டுக்குப் போனதும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அத்தைக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மறந்து போகிறது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கவலையோடு சொன்னேன். அத்தைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடையில் அளவுப் புத்தகம் என்று ஒன்றை அவள் வைத்துக்கொண்டதே இல்லை. ஸ்டாண்டில் உள்ள அத்தனை வண்டிகளின் அளவும் அவள் தலையில்தான் இருந்தது.