மழையில்லாத மாதத்தில் ஓடிய தண்ணீர்

குளத்தில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தபோது ஊரே லாண்டரிக் கடைக்காரரைத்தான் கைகாட்டியது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவளும் அப்படித்தான் நினைத்தாள். எதையும் எளிதில் நம்பமாட்டாள். ஒரு தெர்மாமீட்டர் காட்டுவதை இன்னொன்றை வைத்துச் சரிபார்ப்பாள். கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘சந்தேகம்’. “சந்தேகம் இன்னைக்கு லீவா?” என்றுதான் விசாரிப்பார்கள்.

மூன்று நாள் காலையில் கடைக்கு எதிரே ஓடும் கால்வாயில் தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு நின்றாள். அவளைக் கண்டதும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அது அவள் சந்தேகத்துக்குத் தூபம் போட்டது. ஆனால் கால்வாய்த் தண்ணீரில் சோப்பு இல்லை. உரச்சத்துதான் அளவு மீறி இருந்தது. அதைத் தின்று கொழுத்த பாசிதான் மீன்களை மூச்சுமுட்ட வைத்திருந்தது. கடையின் கழிவுநீர்க் குழாய் வேறு பக்கம் போனது. குளத்துக்குப் போகும் மழைநீர்க் கால்வாயோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். “சரிம்மா,” என்றார். ஷட்டர் என்னவோ பாதியில்தான் நின்றது.

மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. பிறகு கால்வாயில் எப்படித் தண்ணீர்? ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தபடி மேட்டுத் தெருவுக்கு ஏறினாள். ஈரம் அவளுடைய அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது.

புல்தரையில் ஸ்பிரிங்க்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. மண் குடித்து மிஞ்சிய தண்ணீர், நடைபாதையில் சிதறிய உரத்தையும் அடித்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது.

அக்கா வீட்டுக்காரர் நம்பவில்லை. அபராதம் போட வந்திருக்கிறாளோ என்று முகம் சுருங்கியது. வேண்டாதவர்கள் யாரோ குழாயைத் திருகியிருக்கிறார்கள் என்றார். அவள் நீளமான ஸ்குரூடிரைவரைப் புல்லில் குத்தினாள். பிடிவரை இறங்கியது.

“மாமா, இந்த மண்ணுக்கு இன்னும் அஞ்சு நாளைக்குத் தண்ணியே வேணாம். நீங்க தினமும் ரெண்டு வேளை விடறீங்க.”

“பச்சையா இருக்கணுமேன்னுதான்.”

“குளமும் பச்சையாத்தான் இருக்கு.”

அவர் துடைப்பத்தை எடுத்து வந்தார். சிதறிய உரத்தைக் கூட்டி அள்ளினார். தண்ணீரை வாரம் இரண்டு முறையாகக் குறைத்தார். ஆனாலும் தன்னை மட்டும் ஏன் குடைகிறாள் என்று அக்காவிடம் பொருமினாராம். அவளும் சும்மா விடவில்லை. மூன்று வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நடைபாதையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அதன்பின் தெருவில் ஈரம் தெரிந்தால் முதலில் அவளுக்குப் போன் செய்வது அவர்தான். மூலை வீட்டின்மேல் அவருக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தாள், அங்கேயும் தண்ணீர் வழிந்தது.