“நெகட்டிவ் கொண்டு வாங்க!”

2005-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த நேரம். குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில், ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட் ஒன்று புதிதாக வந்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். அந்தக் கழிவுநீரை ஷெட் முதலாளி நேராக ஓடையில் திறந்துவிட்டார். ஓடை எங்கள் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. இரண்டே மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் அழுகிய நாற்றம் எடுத்தது. என் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. கேட்கப் போனால், “சாட்சி உண்டா?” என்று சிரித்தார்.

சாட்சிதானே வேண்டும்? என் பிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஓடையைப் படம் பிடித்தேன். நான் கொஞ்சம் வாயாடி. ஒளிந்து நின்றெல்லாம் எடுக்கவில்லை. முதலாளி வந்து கேமராவைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, ரோலை உருவி வெயிலில் காட்டினார். அதே ரோலில்தான் என் மகள் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களும் இருந்தன. வெள்ளை உடுப்பில் அவள் நின்ற ஒரு படம்கூட இன்று என்னிடம் கிடையாது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்போது என் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவன் கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவைக் கேலி செய்து கொன்றதே நான்தான். பிலிமும் கிடையாது, நெகட்டிவும் கிடையாது, இதெல்லாம் ஒரு கேமராவா என்று சண்டையே போட்டிருக்கிறேன். பிலிம் படத்தில் முகத்துக்கு இருக்கும் உயிர் அதில் வராது என்பது என் கட்சி. “ஏட்டி, ஒனக்க வாய மூடிட்டு இதக் கொண்டு போ” என்று அதை என் கையில் திணித்தான்.

மறுநாளே போனேன். பத்துப் படம் எடுப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“பிலிம எடுட்டி.”

“இதுல பிலிமே கெடையாது அண்ணாச்சி.”

“என்னயப் பொட்டன்னு நெனச்சியா?”

நான் உண்மையைத்தான் சொன்னேன், அவர் நம்பவில்லை. கேமராவைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு சின்ன மூடி அகப்பட்டது. திறந்ததும் கறுப்பாக, தட்டையாக ஒன்று வெளியே வந்தது. அதை ஆசிட் குழியில் வீசிவிட்டு, “இனி எங்க கொண்டு கழுவுவ?” என்று கேமராவைத் திருப்பித் தந்தார்.

எல்லாம் போய்விட்டதென்று நானும் நம்பித்தான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“போனது பேட்டரிட்டி. படம் கார்டுல பத்திரமாட்டு இருக்கு.”

கேலி செய்த வாயாலேயே அந்தக் கேமராவுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, மனுவோடு அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி படங்களைச் சீட்டுக்கட்டு போலத் தள்ளிப் பார்த்தார். “டிஜிட்டலா? கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்யலாமே. நெகட்டிவ் கொண்டு வாங்க” என்றார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பிலிமில் எடுத்தால் முதலாளி வெயிலில் காட்டி அழிக்கிறார்; டிஜிட்டலில் எடுத்தால் இவர் பொய் என்கிறார். பிறகு எங்களைப் போன்றவர்கள் எதைத்தான் கொண்டுவந்து காட்டுவது? பையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் வைத்திருந்தேன். அதை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

“இந்தக் கெணத்து வெள்ளத்தையும் நான் கம்ப்யூட்டர்லயா செஞ்சேன்? ஒரு மடக்கு குடிச்சிட்டு, எனக்க படம் பொய்யின்னு எழுதித் தாங்க சார். நான் போயிடுதேன்.”

வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே மனுவில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே ஆய்வுக்கு வந்தார்கள். ஓடைக்குப் போன குழாய் அடைக்கப்பட்டது. கிணற்றை மூன்று முறை இறைத்த பிறகு தண்ணீர் தெளிந்தது. மகளின் சொறியும் மெல்ல ஆறியது.

பிலிம் படம்தான் அழகு என்று இன்றைக்கும் அண்ணனோடு மல்லுக்கு நிற்கிறேன். ஆனால் சாட்சி எங்கே என்று மிரட்டுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த மேசையும், அதன்மேல் நான் திறந்து வைத்த பாட்டிலும்தான் நினைவுக்கு வரும்.