சிந்தாத தேநீர்

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர், மதிய இடைவேளையில் கோப்பையின் விளிம்புவரை தேநீர் ஊற்றுவார்.

"பாரிசிலையிருந்து லியோனுக்கு, பிளேன் மாதிரிப் பறக்கிற றெயின். மேசையிலை இப்பிடித்தான் வைச்சன். ஒரு சொட்டும் சிந்தேல்லை" என்பார்.

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அதே ஐரோப்பாவை லொறிக்குள், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கடந்து இந்த நாட்டுக்கு வந்த எனக்கு வயிறு எரியும்.

மடக்க நினைத்து ஒருநாள் கேட்டேன்: "யன்னலாலை என்ன பாத்தனீங்கள், அண்ணை?"

"என்னத்தைத் தம்பி பாக்கிறது? பொலிஸ் ஏறுமோ எண்ட பயத்திலை கோப்பையைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

அதன்பிறகும் என் பொறாமை தணியவில்லை. அடுத்த வருடம் டோர்வலில் வேறு வேலைக்குப் போனேன். நான் அந்த ரயிலில் வந்தவன் என்றுதான் அங்கே எல்லோருக்கும் தெரியும். யன்னலால் மாடுகளைக்கூடப் பார்த்திருக்கிறேன்.