எப்படிப் போட்டாலும் லாபம்

இன்று கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு மாடியில் மென்பொருள் விற்பனைக் கூட்டம். தியாகதுருகத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பன் ஜாபர் என்னையும் இழுத்துப் போனான். கடையை மூடிவிட்டு முழுநேரமும் பங்கு வணிகம் செய்வது அவன் திட்டம்.

எப்போது வாங்கி எப்போது விற்பது என்ற நம் உத்தியைக் கொடுத்தால், பழைய சந்தை விலைகளில் ஓட்டிப் பார்த்து லாபமா நஷ்டமா என்று சொல்லும் பேக்டெஸ்ட் மென்பொருள் அது. ஜாபரின் உத்தியை ஓட்டினார்கள். லாபத்தைக் காட்டும் பச்சைக் கோடு மேலே மேலே போனது. கூட்டம் கைதட்டியது.

எனக்கு உறுத்தியது. விற்பவரிடம் போய், "சார், அதையே தலைகீழா போடுங்க. இவன் வாங்குற எடத்துல வித்து, விக்கிற எடத்துல வாங்குங்க" என்றேன்.

போட்டார். அதே பச்சைக் கோடு, அதே ஏற்றம்.

"இன்னா சார் இது? ரெண்டுலயுமே எப்படி லாபம் வரும்?"

அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். "நஷ்டம் காட்னா யாருங்க வாங்குவாங்க?"

கையிலிருந்த டீயை அப்படியே வைத்தேன். ஜாபரைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

படியிறங்கும்போது அவன் கேட்டான்: "இன்னாத்துக்குடா கோச்சிக்கிற? எப்படிப் போட்டாலும் லாபம் வருதுன்னா, அதவிட நல்ல சாஃப்ட்வேர் எங்க கெடைக்கும்?"

இப்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே ஆளிடம் போனில் விலை பேசிக்கொண்டிருக்கிறான்.

நஷ்டத்தை நஷ்டம் என்றே காட்டும் மென்பொருள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தியாகதுருகம் வருவதற்குள் சொன்னால் ஒரு துணிக்கடை பிழைக்கும்.